பல் ஆபரேஷனும் பயமும்

(நாக்பூரில் நடந்த மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பல்லைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டபோது, "நான் டாக்டர் இல்லையே" என்றேன். "டாக்டரைக் கூப்பிட்டால் பல்லைப் பற்றிப் பேசுவார். பயத்தைப் பற்றிப் பேச மாட்டார். அதற்கு நீங்கள்தான் சரி" என்றார். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, வேறு மாதிரி எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். காரணம், நம்மில் அநேகம் பேர் இதய ஆபரேஷனுக்குக்கூடத் தைரியமாகப் போகிறோம், பல் டாக்டரின் நாற்காலி என்றால் மட்டும் கை நடுங்குகிறது. இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுபவர்களும் குறைவு.

நான் 1971-ல் ரசாயனத்தில் பி.எஸ்ஸி. முடித்து, மத்திய அரசு வேலையில் சேர்ந்து, 2011-ல் ஓய்வு பெற்றவன். 2024 செப்டம்பரில் என் இடது கீழ்த்தாடையின் கடைசியில் வீக்கம் வந்தது. ஓபிஜி என்று தாடை முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் எக்ஸ்ரே ஒன்று உண்டு. அதில், ஈறுக்குள் பாதி புதைந்து படுத்தவாக்கில் கிடந்த ஞானப்பல் தெரிந்தது. அதுவும் கெட்டு, முன்னால் இருந்த கடவாய்ப் பல்லையும் சொத்தையாக்கி இருந்தது. இரண்டையும் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஈறைக் கீறி, கொஞ்சம் எலும்பை ராவி, பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையல் போட வேண்டும், முக்கால் மணி நேரம் ஆகும் என்று விவரித்தார். என் பேத்தி வயசு இருக்கும் மராட்டிப் பெண். "காகா, காபரூ நகா" என்று சிரித்தார். பயப்படாதீர்கள் என்று சொன்னதும் பயம் போய்விடும் என்றால் உலகத்தில் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

முதலில் சீழ் அடங்க வேண்டும் என்று ஆண்டிபயாடிக் கொடுத்து நாள் குறித்தார். அந்த இடைவெளியில்தான் பயம் நன்றாக வளர்ந்தது. ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வரும். நாக்கு தானாக அந்தப் பல்லிடம் போகும். வலி எப்படி இருக்கும், எத்தனை நாள் இருக்கும், மரத்துப்போன உதடு அப்படியே நின்றுவிட்டால் என்ன செய்வது, இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

ஆயுசு பூராவும் ஃபைல் பார்த்த பழக்கம் எனக்கு. ஒரு நோட்டை எடுத்தேன். இடது பக்கம் பயத்தை எழுதினேன். வலது பக்கம், அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல அதிகாரம் உள்ளவர் யார் என்று எழுதினேன். ஒன்பது பயங்கள் வந்தன. அவற்றில் நாலு பல் டாக்டருக்கு, இரண்டு இதய டாக்டருக்கு, ஒன்று என் பையனுக்கு. மீதி இரண்டுக்கு அதிகாரி யாரும் இல்லை. அவற்றைப் பகவானுக்கு மார்க் செய்தேன்.

பையனுக்குப் போன பயம்தான் உண்மையில் எல்லாவற்றிலும் பெரியது. என் மனைவிக்கு ஆறு வருஷமாகப் பார்க்கின்சன்ஸ் நோய். ராத்திரி இரண்டு முறை அவளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். மாத்திரையை மணி தவறாமல் கொடுக்க வேண்டும், அரை மணி தாமதமானால் கைகால் விறைத்துவிடும். நான் வலியில் சுருண்டு படுத்தால் அவளை யார் பார்ப்பார்கள்? பல்வலியைப் பற்றிய பயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு இதுதான் என்பது, காகிதத்தில் எழுதிப் பார்த்த பிறகே தெரிந்தது. அவளிடம் சொன்னேன். அவளுக்குக் குரல் இப்போது மிகவும் சன்னமாகிவிட்டது. "ஏன்னா, நீங்க ஒரு வாய் சாதத்தை அரைமணி மெல்றதை நான் பார்த்துண்டுதான் இருக்கேன். என்னைச் சாக்கு சொல்லாதீங்கோ. முதல்ல அதைப் போய் எடுத்துண்டு வாங்கோ" என்றாள். புனேயில் இருக்கும் பையன் ஐந்து நாள் லீவு போட்டு வந்தான். பகலில் பக்கத்து வீட்டு மராட்டி அம்மாள் வந்து உட்கார்ந்தார். ஒன்பதில் ஒன்று தீர்ந்ததும் மற்ற எட்டும் உருவத்தில் பாதியாகிவிட்டன.

அடுத்து நரம்பு. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் மாதிரி பாதையில் ஒரு நரம்பு ஓடுகிறது. ஞானப்பல்லின் வேர் அதன் அருகில் இருக்கலாம். ஆபரேஷனில் அது நசுங்கினால் உதடும் மோவாயும் மரத்துப்போகக்கூடும். பெரும்பாலும் சில வாரம், சில மாதத்தில் உணர்ச்சி திரும்பும், அபூர்வமாகச் சிலருக்குத் திரும்புவதில்லை. சனிக்கிழமை தோறும் சஹஸ்ரநாம பாராயணத்தில் முன் குரல் கொடுப்பவன் நான். உச்சரிப்பு போய்விடுமோ என்று கவலை. டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்ன ஒரு வாக்கியம் எனக்கு மாத்திரையைவிட வேலை செய்தது. அந்த நரம்பு உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பே தவிர, உதட்டை அசைக்கும் நரம்பு அல்ல. உதட்டை அசைப்பது முகத்துக்கான வேறு நரம்பு, நாக்கை அசைப்பது இன்னொன்று. ஆகவே மரத்தாலும் வாய் கோணாது, பேச்சு நிற்காது. பிறகு முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, என் பல்லின் வேருக்கும் நரம்புக்கும் நடுவில் இடைவெளி இருப்பதைத் திரையில் காட்டினார். இடைவெளி இல்லாதவர்களுக்கு வேரை விட்டுவிட்டுப் பல்லின் தலையை மட்டும் எடுக்கும் முறையும் இருக்கிறதாம். கேட்டால் சொல்கிறார்கள். நாம்தான் கேட்பதில்லை, "டாக்டருக்கு நேரமிருக்காது" என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம்.

நம் பயத்துக்கு வேர் எங்கே இருக்கிறது என்று யோசித்தால், அது நம்முடைய அனுபவத்தில் இல்லை, தாத்தாக்களின் அனுபவத்தில் இருக்கிறது. குறடு போட்டு இழுத்த கதை, நாலு பேர் பிடித்துக்கொண்ட கதை இவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்தியாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் தொடங்கியதே 1920-ல்தான். ஆனால் வலியில்லாமல் செய்ய வேண்டும் என்று முதலில் துடித்தவர்களில் பல் டாக்டர்கள் முன்னணியில் இருந்தார்கள். அமெரிக்காவில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர், 1844 டிசம்பரில், நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவை முகர்ந்து தன் பல்லையே பிடுங்கச் சொல்லிச் சோதித்துப் பார்த்தார். 1846 அக்டோபர் 16-ந் தேதி பாஸ்டனில் ஈதரை சபையறியக் காட்டிய மார்ட்டனும் பல் டாக்டரே. பிறகு 1884-ல் கோகெயின், 1905-ல் புரோகெயின், 1943-ல் ஸ்வீடனில் லோஃப்க்ரென் உண்டாக்கிய லிக்னோகெயின். இன்றைக்கு நம் ஈறில் போடும் ஊசி பெரும்பாலும் இந்தக் கடைசி ஆசாமிதான்.

ரசாயனம் படித்தவன் என்பதால் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. சீழ் இருக்கும்போது ஏன் உடனே பல்லை எடுக்கவில்லை என்று கேட்டேன். சீழ் பிடித்த இடத்தில் திசு அமிலத்தன்மை அடைந்திருக்கும். லிக்னோகெயின் நரம்பின் உறைக்குள் நுழைய வேண்டுமானால் அதன் மூலக்கூறு மின்னேற்றம் இல்லாத வடிவில் இருக்க வேண்டும். அமிலத்தில் அந்த வடிவம் குறைந்துபோகும். அதனால் ஊசி சரியாக வேலை செய்யாது. "ஊசி போட்டும் உயிர் போற மாதிரி வலித்தது" என்று சொல்கிற பழைய கதைகள் பலவற்றுக்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கும். ஐம்பது வருஷத்துக்கு முன் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த விஷயம், என் தாடையில் வேலை செய்கிறது என்று தெரிந்தபோது ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷம் இருந்த பத்து நிமிஷம் பயம் இல்லை.

ஆஸ்பிரின் விஷயத்தையும் சொல்ல வேண்டும், இங்கே அநேகம் பேர் சாப்பிடுகிறீர்கள். எனக்கு 2017-ல் ஸ்டென்ட் வைத்தார்கள், அன்றிலிருந்து ஆஸ்பிரின். பல் எடுக்கும் முன் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். இதய டாக்டர் நிறுத்தக் கூடாது என்று கடிதமே கொடுத்தார். ரத்தம் கொஞ்சம் கூட வந்தால் அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்தலாம், ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அப்படி நிறுத்த முடியாது என்பது அவர் கணக்கு. உங்கள் மருந்து வேறாக இருக்கலாம். ஆகையால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம், இரண்டு டாக்டர்களும் ஒருவரோடு ஒருவர் பேசும்படி செய்யுங்கள். மாமிகளுக்கு ஒரு வார்த்தை. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ, வருஷம் ஒரு ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் அதைப் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்துகளில் சிலவற்றால் பல் எடுத்த பின் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு என்பது 2003-க்குப் பிறகுதான் தெரியவந்தது.

ஆபரேஷன் அன்று நடந்ததை நீட்டவில்லை. ஊசி போட்ட ஒரு நிமிஷத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. ஊசியில் சேர்க்கும் அட்ரினலினால் அப்படி வரும், இரண்டு நிமிஷத்தில் அடங்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அடங்கியது. இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்துவேன் என்று டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டு முறை தூக்கினேன். இரண்டு முறையும் வலிக்காக அல்ல, நிறுத்துகிறாரா என்று பார்க்க. நிறுத்தினார். அப்புறம் தூக்கவில்லை. அழுத்துவது தெரியும், இழுப்பது தெரியும், ராவும் சத்தம் எலும்பு வழியாகக் காதுக்குள் பெரிதாகக் கேட்கும். வலி மட்டும் தெரியாது. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாதவர்கள், அழுத்தத்தையே வலி வரப்போகிறது என்று எண்ணிக் கலங்குகிறார்கள்.

இப்போது நோட்டின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு முதல் நாள், எந்த நாளில் எவ்வளவு வலி இருக்கும் என்று 10-க்கு எவ்வளவு என நானே மதிப்பெண் போட்டு வைத்தேன். முதல் நாள் ராத்திரி 9, மறுநாள் 9, மூன்றாம் நாள் 8. பிறகு ஆறு மணிக்கு ஒரு தடவை உண்மையான மதிப்பெண்ணை எழுதினேன். முதல் நாள் ராத்திரி 5. அதுவே உச்சம். மறுநாள் 4. மூன்றாம் நாள் 4, ஆனால் வீக்கம் ஜாஸ்தி. ஐந்தாம் நாள் 2. எட்டாம் நாள் எழுத மறந்துவிட்டேன். எனக்கு இப்படி, உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம். ஆனால் எழுதுங்கள். ஏன் என்றால், 1985-ல் கென்ட் என்ற ஆராய்ச்சியாளர் பல் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் எதிர்பார்த்த வலி, அனுபவித்த வலி, மூன்று மாதம் கழித்து ஞாபகத்தில் நின்ற வலி இம்மூன்றையும் கேட்டு ஒப்பிட்டார். பயந்த சுபாவம் உள்ளவர்களின் ஞாபகத்தில் நின்றது, அனுபவித்த வலி அல்ல, எதிர்பார்த்த வலிதான். அதாவது, நடந்தது லேசாக இருந்தாலும் நம் மனசு பழைய பயத்தையே ரெக்கார்டில் ஏற்றிவிடுகிறது. அடுத்த தடவைக்கு அதையே எடுத்துக் காட்டுகிறது. நோட்டில் எழுதினால் இந்தத் தில்லுமுல்லு நடக்காது.

இன்னொரு ஆராய்ச்சி இன்னும் விசேஷம். 1978-ல் கலிஃபோர்னியாவில் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் என்ற மூவர், ஞானப்பல் எடுத்துக்கொண்டவர்களிடமே செய்தது. சிலருக்கு வலி மருந்து என்ற பெயரில் வெறும் மருந்தில்லா ஊசி. அதிலேயே சிலருக்கு வலி குறைந்தது. பிறகு, அபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் நலாக்ஸோன் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். குறைந்திருந்த வலி திரும்பிவிட்டது. இதிலிருந்து அவர்கள் ஊகித்தது, வலி குறையும் என்ற நம்பிக்கை வந்தபோது உடம்பே தனக்குள் அபின் மாதிரியான ஒரு பொருளைச் சுரந்திருக்கிறது என்பது. "எல்லாம் மனசுதான்" என்று சிலர் அலட்சியமாகச் சொல்வார்கள், எனக்குப் பிடிக்காத வாக்கியம். மனசு என்பதும் ரசாயனம் சுரக்கிற ஒரு இடம்தான். பயம் வலியை ஏற்றுவதும் நிஜம், தைரியம் வலியை இறக்குவதும் நிஜம்.

ஆனால் தைரியத்தை நம்பி மாத்திரையை விடக் கூடாது. நம்மவர்களுக்கு ஒரு பெருமை உண்டு, "நான் மாத்திரையே போட்டுக்கலை, பொறுத்துண்டுட்டேன்" என்று. யாருக்காகப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. ஊசியின் மரப்பு தெளியும் முன்பே முதல் மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். பிறகு இரண்டு நாள் கடிகாரம் பார்த்துப் போட வேண்டும், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இப்யூப்ரோஃபென் வகை மாத்திரை வீக்கத்துக்கு நல்லது என்றாலும், இதயம், சிறுநீரகம், ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவர்களுக்கு ஆபத்தாகலாம். எனக்கு வேண்டாம் என்று டாக்டர் பாரசிட்டமாலோடு நிறுத்தினார். ராத்திரிக்கு வேண்டுமானால் என்று டிரமடால் கலந்தது மூன்று எழுதினார், ஒன்றுதான் தேவைப்பட்டது. அந்தக் கலப்பு மாத்திரையிலும் பாரசிட்டமால் இருக்கிறது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். க்ரோசின், டோலோ என்று பெயர் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றே. ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் யாருக்கும் கூடாது, நம் வயசுக்கு டாக்டர் இன்னும் குறைத்தே சொல்வார். ஏகாதசி உபவாசம் இருப்பவர்கள் ஆபரேஷனுக்கு வேறு தேதி பார்த்துக்கொள்ளுங்கள், வெறும் வயிற்றில் இந்த மருந்துகள் ஒத்துக்கொள்வதில்லை.

வாயைப் பற்றிய விஷயம் ஒன்றே ஒன்று. பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடி மாதிரி நிற்கிறது. அந்த மூடிதான் எல்லாம். அதற்குக் கீழேதான் புதுத் திசு வளர்கிறது. அது பிய்ந்து போனால் எலும்பு வெளியே தெரிந்து, மூன்றாம் நாள் வாக்கில் காது வரைக்கும் தெறிக்கும் வலி வரும், நாற்றமும் இருக்கும். உடனே டாக்டரிடம் போனால் மருந்து வைத்து அடைப்பார்கள், அநேகமாக அன்றே நிம்மதி கிடைக்கும். அதனால் முதல் 24 மணி நேரம் கொப்பளிக்காதீர்கள், துப்பாதீர்கள், உறிஞ்சு குழலில் குடிக்காதீர்கள். எச்சில் சிவப்பாக வரும், ஒரு சொட்டு ரத்தம் ஒரு வாய் எச்சிலைச் சிவப்பாக்கிவிடும், பயப்பட வேண்டாம். மறுநாளிலிருந்து இளஞ்சூட்டில் உப்பு நீர், மெதுவாக. நாலாம் நாள் குழியில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு படலம் தெரியும், சீழ் என்று நினைத்துக் குத்திப் பார்க்காதீர்கள், அது ஆறுவதன் அடையாளம். கன்னத்தில் நீலமும் மஞ்சளும் இறங்கி எனக்குக் கழுத்து வரைக்கும் வந்தது. பையன் பதறிப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினான். "வயசானவர்களுக்கு வரும், போய்விடும்" என்று பதில் வந்தது, பத்து நாளில் போய்விட்டது.

எதற்குப் பதற வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பஞ்சுத் துணியை அரை மணி விடாமல் அழுத்திக் கடித்தும் நிற்காத ரத்தம், ஜுரம், மூன்று நாளுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகும் வீக்கம். இவற்றுக்கு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் போன் அல்ல, நேராக ஆஸ்பத்திரி. இந்தப் பட்டியல் கையில் இருப்பதால் ஒரு லாபம், பட்டியலில் இல்லாத எதற்கும் ராத்திரியில் கலங்க வேண்டியதில்லை.

சாப்பாடு கஷ்டம் என்று சொல்வார்கள், எனக்கு ஆகவில்லை. குழையப் பிசைந்து கரைத்த மோர் சாதம், ஆறின ராகிக் கஞ்சி, பாலில் ஊறின இட்லி. முதல் நாள் டாக்டரே ஐஸ்கிரீம் எழுதிக் கொடுத்தார். எனக்குச் சர்க்கரை இல்லை என்பதால் பேத்தி பார்க்க அனுபவித்துச் சாப்பிட்டேன். கஷ்டம் காபிதான். சூடாகக் குடிக்கக் கூடாது. மரத்த வாயில் சுடுவதே தெரியாமல் வெந்துவிடும், சூட்டில் ரத்தமும் மறுபடி கசியும். ஆறின காபி குடித்த அந்த இரண்டு நாளைப் பற்றி நோட்டில் மதிப்பெண் போடவில்லை, போட்டால் 9-தான். தலைக்கு இரண்டு தலையணை வைத்துப் படுங்கள், தட்டையாகப் படுத்தால் விண் விண் என்று தெறிப்பது அதிகமாகும்.

விசாரிக்கப் போன் செய்பவர்களைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். நான் ஆபரேஷனுக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் பதினோரு பேர் போன் செய்தார்கள். எட்டுப் பேர், தங்களுக்கோ தங்கள் மச்சினருக்கோ நேர்ந்த கஷ்டத்தை விவரமாகச் சொன்னார்கள். அன்பினால்தான் சொன்னார்கள். ஒன்பதாவது ஆளிலிருந்து பையன் போனை எடுத்து, "அப்பா தூங்கறார்" என்று சொல்ல ஆரம்பித்தான்.

நம் காலனியில் ஒருவர் இருக்கிறார், அவர் சம்மதத்தோடு சொல்கிறேன். வயசு 78. ஐந்து வருஷமாக ஒரு பக்கமாக மென்று, இப்போது அதுவும் முடியாமல் கரைத்துக் குடித்து வாழ்கிறார். சர்க்கரை இறங்கவே இல்லை. ஈறில் நாள்பட்ட சீழ் இருந்தால் சர்க்கரை கட்டுப்படுவது கடினம், சர்க்கரை ஏறினால் ஈறு ஆறுவது கடினம். என் நோட்டை வாங்கிக்கொண்டு போய் இரண்டு தடவை படித்தார். இன்னும் டாக்டரிடம் போகவில்லை. இடது பக்கம் வலது பக்கம் கோடு போட்டுத் தன் பயங்களை எழுத ஆரம்பித்திருக்கிறார், நேற்றைக்குப் பதினாலு ஆகியிருந்தது. அதில் ஒன்று, கூட வர யாருமில்லை என்பது. அதை நான் என் பெயருக்கு எடுத்துக்கொண்டேன்.

இந்த ஊரில் வேறு யாருக்காவது அதே பயம் இருந்தால், வியாழக்கிழமை தவிர மற்ற நாட்களில் காலை பத்து மணிக்கு மேல் நான் வர முடியும், பக்கத்து வீட்டு அம்மாள் அந்த நேரம் எங்கள் அகத்தில் இருப்பார். இப்போது கேள்விகள் இருந்தால் கேட்கலாம். காபி வரப் பத்து நிமிஷம் ஆகும் என்று செயலாளர் கை காட்டுகிறார். நமஸ்காரம்.